தண்ணீர் போகும் பாதை: பொந்தியான் கடலில் சூடேறும் ஸ்டெர்ன் டிரைவ் எஞ்சின்கள்

மலேசியாவின் பொந்தியான் கடலில் ஒரு ஸ்டெர்ன் டிரைவ் படகின் எஞ்சின் சூடேறினால், பழுது எஞ்சினுக்குள் இருப்பது அபூர்வம். எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர் வரும் வழியிலோ வெளியேறும் வழியிலோ எங்கோ தடைபட்டிருக்கும். அதைத் தேடாமல் பலர் முதலில் தெர்மோஸ்டாட்டை மாற்றுகிறார்கள். அடுத்து வெப்ப மீட்டரை மாற்றுகிறார்கள். கடைசியில் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று யாரோ சொன்னதைக் கேட்டு எஞ்சினையே பிரித்துவிடுகிறார்கள். இத்தனை செலவுக்குப் பிறகும் படகைக் கடலில் இறக்கினால் முள் மறுபடியும் சிவப்பைத் தொடுகிறது.

இந்தப் பழுதைத் தேடும் வழிகள் புதியவை அல்ல. கம்பெனிக் கையேடுகளில் இருக்கின்றன, அனுபவமுள்ள போர்மேன்களின் கையிலும் இருக்கின்றன. ஆனால் அந்தக் கையேடுகள் குளிர்காலம் உள்ள நாடுகளில், அங்குள்ள நீரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பொந்தியான் கடல் வேறு மாதிரியானது. எதை முதலில் சந்தேகிக்க வேண்டும், எதை எப்போது மாற்ற வேண்டும் என்ற வரிசையை இங்குள்ள சேறும் வெப்பமும் ஏற்றவற்றமும் மாற்றிவிடுகின்றன. அந்த வரிசையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்டெர்ன் டிரைவ் என்பது, படகுக்குள் பொருத்தும் எஞ்சின், பின்பலகைக்கு வெளியே மாட்டும் வெளிப்பொருத்தும் இயந்திரம் ஆகிய இரண்டுக்கும் நடுவிலான ஏற்பாடு. எஞ்சின் படகுக்குள், பின்பலகையை ஒட்டி உட்கார்ந்திருக்கும். அதன் சக்தி பின்பலகையைத் துளைத்து வெளியே போய், வெளிப்பொருத்தும் இயந்திரத்தின் கால் போலத் தொங்கும் டிரைவ் வழியாக விசிறியைச் சுழற்றும். அந்தக் காலைத் திருப்பினால் படகு திரும்பும், தூக்கினால் ஆழமற்ற இடத்தைக் கடக்கலாம். 1959இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் வோல்வோ பென்டா நிறுவனம் ‘அக்வாமேடிக்’ என்ற பெயரில் இதை அறிமுகப்படுத்தியது. யோசனை ஜிம் வின் என்ற அமெரிக்கப் பொறியாளருடையது. 1961இல் மெர்குரூசர் சந்தைக்கு வந்தது. இன்று இந்த வட்டாரத்தில் கண்ணில் படும் ஸ்டெர்ன் டிரைவ்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வழியில் வந்தவைதான். பல படகுகள் இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி வந்தவை. அவற்றின் பராமரிப்புக் கணக்கு எந்தக் கையோடும் வருவதில்லை.

காருக்கு ரேடியேட்டர் உண்டு, காற்று உண்டு. படகுக்கு இரண்டும் இல்லை. அது கடலையே உறிஞ்சி, எஞ்சினைச் சுற்றவிட்டு, புகையோடு கலந்து வெளியே தள்ளுகிறது. டிரைவின் கீழ்ப்பகுதியில், பக்கவாட்டில் உள்ள சல்லடை போன்ற துளைகள்தான் வாசல். அங்கிருந்து நீர் டிரைவுக்குள் ஏறி, பின்பலகையில் உள்ள வளைவான இணைப்பைத் தாண்டி, ரப்பர் ஹோஸ் வழியாக உள்ளே வருகிறது. பவர் ஸ்டீயரிங் எண்ணெயைக் குளிர்விக்கும் சிறு கூலரைக் கடந்து எஞ்சினுக்குப் போகிறது. எஞ்சினில் சுற்றிய பிறகு எக்ஸாஸ்ட் மெனிஃபோல்டின் வெளிச்சுவருக்குள் நுழைந்து, அதன் மேலே நிற்கும் எல்போவில் சூடான புகையோடு கலந்து, டிரைவ் வழியாகவே மீண்டும் கடலுக்குப் போய்விடுகிறது.

இந்த நீரைத் தள்ளும் பம்ப் எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பழுது தேடத் தொடங்கக் கூடாது. மெர்குரூசரின் ஆல்ஃபா வகையில் பம்ப் டிரைவின் அடிப்பகுதிக்குள், நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அது நீரை மேலே தள்ளும். பிராவோ வகையிலும், வோல்வோ பென்டாவின் பல வகைகளிலும் பம்ப் எஞ்சினோடு, படகுக்குள்ளே இருக்கிறது. அது நீரை உறிஞ்சி இழுக்கும். தள்ளும் வகையில் ஹோஸில் ஓட்டை விழுந்தால் நீர் படகுக்குள் கசியும், கண்ணால் பார்த்துவிடலாம். உறிஞ்சும் வகையில் அதே ஓட்டை ஒரு சொட்டுகூடக் கசியாமல் காற்றை உள்ளே இழுக்கும். பம்ப் பாதி நீரும் பாதி காற்றுமாக ஓடும், எஞ்சின் சூடேறும், ஆனால் எங்கும் ஈரமே இருக்காது. பழைய ஹோஸின் உள்சுவர் பிரிந்து உறிஞ்சலில் மடிந்துகொள்வதும் இந்த வகைக்கே உரிய நோய். வெளியிலிருந்து தொட்டுப் பார்த்தால் ஹோஸ் திடமாகத் தெரியும், வேகம் கூடும்போது மட்டும் உள்ளே அடைத்துக்கொள்ளும்.

நீர் குறைவதால் என்ன ஆகிறது என்பதைக் கணக்காகப் பார்த்தால் விளங்கும். பெட்ரோல் எஞ்சின் எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளிர்நீரில்தான் போய்ச் சேர்கிறது. ஒரு நடுத்தர எஞ்சின் வேகமாக ஓடும்போது 120 கிலோவாட் வெப்பத்தை நீரிடம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு ஒரு லிட்டர் நீர் ஓடினால், அந்த நீர் சுமார் 30 டிகிரி செல்சியஸ் சூடேறும். நீரோட்டம் பாதியானால் 60 டிகிரி ஏறும். உள்ளே வரும் நீர் 10 டிகிரியாக இருக்கும் ஊரில், பாதி நீரோட்டத்திலும் வெளியேறும் நீர் 70 டிகிரியோடு நின்றுவிடும், எஞ்சின் தப்பித்துக்கொள்ளும். பொந்தியான் கரையை ஒட்டிய மலாக்கா நீரிணையில் மேல்மட்ட நீர் ஆண்டு முழுவதும் 28 முதல் 30 டிகிரி வரை இருக்கிறது. இங்கே அதே பழுது 90 டிகிரியைக் காட்டும். குளிர்நாட்டில் ஒரு பருவம் முழுக்கத் தாக்குப்பிடிக்கும், பம்புக்குள் சுழலும் தேய்ந்த இம்பெல்லர் இங்கே ஒரே பயணத்தில் காட்டிக்கொடுத்துவிடுவதற்கு இதுதான் காரணம்.

வெப்பம் இந்தக் கடலின் ஒரு முகம்தான். பொந்தியான் மாவட்டத்தின் கரை நெடுகிலும் சேறு. பெனூட்டிலிருந்து குக்குப் வழியாக, ஆசிய நிலப்பரப்பின் தென்முனையான தஞ்சோங் பியாய் வரை அலையாத்திக் காடும் வண்டல் பரப்பும்தான் கரை. குக்குப் தீவு, தஞ்சோங் பியாய், சுங்கை பூலாய் ஆகிய மூன்றும் 2003இல் ராம்சார் ஈரநிலங்களாகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 647 ஹெக்டேர் பரப்புள்ள குக்குப் தீவில் மனிதக் குடியிருப்பு கிடையாது, முழுக்கச் சதுப்புக் காடு. பறவைக்கும் மீன்குஞ்சுக்கும் இதைவிட நல்ல இடம் இல்லை. இந்தக் கடலில் நாம் பிடிக்கும் நண்டும் இறாலும் அந்தச் சேற்றில்தான் வளர்கின்றன. ஆனால் அந்தச் சேறு நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் நீரில் கலங்கி, படகின் குளிர்நீர்ப் பாதைக்குள்ளும் வருகிறது. நுண்மணல் இம்பெல்லர் உட்காரும் உலோகக் கிண்ணத்தை அரம் போட்டு ராவியதைப் போலத் தேய்க்கிறது. வண்டல் மெனிஃபோல்டின் அடியில் படிகிறது. உதிர்ந்த இலையும் கடலோரம் மிதக்கும் பிளாஸ்டிக் பையும் வாசல் துளைகளை மூடுகின்றன.

சேற்றைவிடத் தொல்லை கொட்டலசு. ஓடுள்ள இந்தச் சிற்றுயிர் வெதுவெதுப்பான நீரில் ஓய்வே இல்லாமல் வளரும். படகை நீரிலேயே கட்டிவைத்துச் சில வாரங்கள் ஓட்டாமல் விட்டால் டிரைவின் துளைகளுக்குள்ளேயே குடியேறிவிடும். வெளியே சுரண்டித் துடைத்த டிரைவ் பளிச்சென்று இருக்கும், துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பாதி அடைபட்டிருக்கும். வெளிப்பொருத்தும் இயந்திரத்தை முழுவதுமாக நீருக்கு மேலே தூக்கி நிறுத்தலாம். ஸ்டெர்ன் டிரைவை எவ்வளவு தூக்கினாலும் அதன் ஒரு பகுதியும் பின்பலகை இணைப்பும் நீருக்குள்ளேயே இருக்கும். தாமிரம் கலந்த பாசித்தடுப்பு வண்ணத்தைப் பூசிவிடலாமே என்று தோன்றும். டிரைவ் அலுமினியம், தாமிரம் அதை மின்வேதியியல் முறையில் அரித்துவிடும். அலுமினியத்துக்கென்று தனியாக விற்கும் வண்ணத்தைத்தான் பயன்படுத்த வேண்டும்.

குளிர்நாட்டுக் கையேடு சொல்லும் பராமரிப்புக்கு ஓர் இயல்பான நாள் உண்டு. ஏரி உறையும் முன்னால் படகைக் கரையேற்றி, நீரை வடித்து, இம்பெல்லரை மாற்றி, வசந்தத்தில் இறக்குகிறார்கள். பனி அவர்களுக்குக் காலண்டராக இருக்கிறது. பொந்தியானில் பனி இல்லை, படகு ஓடாத பருவமும் இல்லை. அதனால் எதை எப்போது மாற்றினோம் என்பது யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. இங்கே நடக்கும் சூடேறல்களில் பெரும்பகுதிக்கு இந்த நாள் தவறல்தான் அடிப்படைக் காரணம் என்பது என் உறுதியான கருத்து. பாகங்களின் தரத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் இதைப் பார்க்க வேண்டும்.

பழுது தேடும்போது முதல் கேள்வி, உண்மையிலேயே சூடேறுகிறதா என்பது. உப்புக்காற்றில் மீட்டரின் கம்பி முனைகள் பச்சை பிடித்து, எர்த் சரியாக இல்லாமல், பொய் சொல்வது வழக்கம். வெப்பத்தைத் தொடாமல் அளக்கும் துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் கருவி இன்று மலிவாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு படகிலும் அது இருக்க வேண்டும். பளபளக்கும் உலோகத்தில் அது தவறாகக் காட்டும் என்பதால், அளக்கும் இடத்தில் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டிக்கொள்வது நல்லது. தெர்மோஸ்டாட் கூட்டில் ஓர் அளவு, இரண்டு பக்க மெனிஃபோல்டிலும் ஓர் அளவு, இரண்டு எல்போவிலும் ஓர் அளவு. எஞ்சின் நன்றாக இருக்கும் நாளிலேயே இந்த எண்களை எழுதி, எஞ்சின் மூடியின் உள்பக்கம் ஒட்டிவைத்தால், பழுது வரும் நாளில் அதைவிடச் சிறந்த சாட்சி கிடையாது.

அடுத்த கேள்வி, எப்போது சூடேறுகிறது என்பது. பாதி நோயை இதிலேயே கண்டுபிடித்துவிடலாம். படகுத்துறையில் மெதுவாக ஓடும்போது முள் ஏறுகிறது, வேகம் எடுத்ததும் இறங்குகிறது என்றால் இம்பெல்லர் தேய்ந்துவிட்டது என்று பொருள். குறைந்த சுழற்சியில் தேய்ந்த இறக்கைகள் நீரைப் பிடித்துத் தள்ள முடியாமல் வழுக்கவிடுகின்றன. மெதுவாகப் போகும்போது எல்லாம் சரி, வேகத்தில் மட்டும் ஏறுகிறது என்றால் பாதை ஒடுங்கியிருக்கிறது: வாசலில் கொட்டலசு, மடிந்த ஹோஸ், அடைபட்ட கூலர், துருப்பிடித்த எல்போ. குறைந்த நீருக்குப் பாதை போதும், நிறைய நீருக்குப் போதாது. இதே அறிகுறிக்கு எஞ்சின்மேல் ஏறும் சுமையும் காரணமாகலாம். அடிப்பலகை முழுக்கக் கொட்டலசு ஒட்டிய படகை எஞ்சின் இழுத்துக்கொண்டு போகிறது. அல்லது பொருந்தாத, பிட்ச் கூடிய விசிறியை யாரோ மாட்டிவிட்டார்கள். முழு வேகத்தில் எஞ்சின் கையேட்டில் சொன்ன உச்சச் சுழற்சியை எட்டவில்லை என்றால் இந்தப் பக்கம் பார்க்க வேண்டும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த படகில் முள் திடீரென்று எகிறினால் அநேகமாக பிளாஸ்டிக் பை. எஞ்சினை நிறுத்தி டிரைவைத் தூக்கிப் பார்த்தால் தெரியும். பல நேரம், நிறுத்தியதுமே உறிஞ்சல் நின்று பை தானாக விலகிவிடும், பிறகு என்ன நடந்தது என்றே புரியாது. வற்றத்தில் ஆற்றுவாயைக் கடக்கும்போது மட்டும் ஏறினால் காரணம் ஓட்டுபவரின் கையில் இருக்கிறது. அடி தட்டும் என்று டிரைவை அளவுக்கு மேல் தூக்கி ஓட்டுகிறார், வாசல் துளைகள் நீர்மட்டத்தைத் தொட்டுக் காற்றைக் குடிக்கின்றன. தூக்காமல் ஓட்டினால் சேற்றைக் குடிக்கும். பொந்தியான் கெச்சில் ஆற்றுவாயில் இரண்டும் நடக்கும். ஏற்றத்துக்குக் காத்திருப்பதைத் தவிர இதற்கு நல்ல பதில் இல்லை.

வேகமாக ஓட்டிவந்து உடனே சாவியைத் திருப்பி நிறுத்திய எஞ்சினை ஐந்து நிமிடம் கழித்துக் கிளப்பினால் அலாரம் கத்தும். இது பழுதில்லை. நீரோட்டம் நின்றதும் இரும்பில் தேங்கிய வெப்பம் உள்ளே நிற்கும் நீருக்கு ஏறிவிடுகிறது. மெதுவாக ஓடவிட்டால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். துறைக்கு வரும்முன் சில நிமிடம் மெதுவாக ஓட்டிப் பழகினால் அந்தப் பதற்றமே வராது.

இம்பெல்லரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு குடும்பத்தின் உயிர் நடுக்கடலில் அதை நம்பித்தான் இருக்கிறது, ஆனால் அது உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர்ச் சக்கரம். நடுவில் உலோகக் குழல், சுற்றிலும் ரப்பர் இறக்கைகள். பம்பின் கூடு மையம் விலகி அமைந்திருப்பதால் சுற்றும்போது இறக்கைகள் ஒரு பக்கம் மடங்கியும் மறுபக்கம் விரிந்தும் நீரைப் பிடித்துத் தள்ளுகின்றன. நீர்தான் அதற்கு உயவு. நீரில்லாமல் ஓடினால் சில வினாடிகளிலேயே ரப்பர் உரசிச் சூடேறும், ஒரு நிமிடம் தாண்டினால் கருகும். கரையில் வைத்துக் கிளப்பிப் பார்க்கும்போது, தண்ணீர் ஹோஸை மாட்டாமல் ‘ஒரே ஒரு தடவை’ என்று சாவியைத் திருப்புகிறவர்கள் இதைத்தான் கொல்கிறார்கள். டிரைவின் துளைகளை மூடும் ரப்பர்க் கிண்ணங்களை மாட்டி, குழாயைத் திறந்து, தண்ணீர் வழிவதைக் கண்ணால் பார்த்த பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும்.

பம்பின் கூட்டைப் பிரித்தால் பழைய இம்பெல்லர் தன் கதையைச் சொல்லும். இறக்கைகள் எல்லாம் ஒரே பக்கமாக வளைந்து நிமிர மறுத்தால், அது நெடுநாள் ஓடாமல் கிடந்தது. நுனிகள் கண்ணாடி போல மினுமினுத்தால் வறண்டு ஓடியிருக்கிறது. இறக்கையின் அடியில், குழலோடு சேரும் இடத்தில், நகத்தால் விரித்துப் பார்த்தால் மட்டுமே தெரியும் மெல்லிய விரிசல் இருந்தால் வயது முடிந்துவிட்டது. சில நேரம் ரப்பருக்கும் நடுக்குழலுக்கும் உள்ள ஒட்டு விட்டுப்போயிருக்கும். தண்டு சுற்றும், ரப்பர் சுற்றாது, பார்வைக்கு எல்லா இறக்கையும் ஒழுங்காக இருக்கும். கூட்டின் உள்சுவரை விரல் நுனியால் தடவினால் மணல் கிழித்த வரிகள் தட்டுப்படும். அந்தக் கூட்டில் புது இம்பெல்லரைப் போட்டாலும் நீர் பக்கவாட்டில் நழுவும். பொந்தியான் கடலில் இம்பெல்லரை மட்டும் மாற்றுவது அரைவேலை. கூடு, அடித்தட்டு, ரப்பர் வளையம் எல்லாம் சேர்ந்த முழு செட்டாக மாற்ற வேண்டும்.

ஒரு இறக்கை காணாமல் போயிருந்தால், அதைக் கண்டுபிடிக்கும் வரை வேலை முடியவில்லை. நீரோட்டத்தோடு போன துண்டு எங்கோ சிக்கியிருக்கிறது: பவர் ஸ்டீயரிங் கூலரின் வாயில், ஹோஸ் இணைப்பில், அல்லது வெப்பமாற்றி உள்ள படகென்றால் அதன் குழல்களில். புது இம்பெல்லர் போட்டும் சூடு குறையாத படகுகளில், கூலரின் ஹோஸைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு மூன்று தலைமுறை இம்பெல்லர்களின் ரப்பர்த் துண்டுகள் குவிந்திருப்பதுண்டு. கூடவே சிப்பி ஓடு, கொட்டலசுத் துணுக்கு, காய்ந்த சேறு. நீரை எதிர்த்திசையில் பீய்ச்சி எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். வந்த திசையிலேயே பீய்ச்சினால் இன்னும் ஆழமாகப் போய் அடைக்கும்.

நீர் எஞ்சினை வந்தடைகிறதா என்பதைத் தெரிந்துகொள்ள எளிய சோதனை உண்டு. எஞ்சினுக்குள் நுழையும் ஹோஸைக் கழற்றி வாளியில் விட்டு, மெதுவான ஓட்டத்தில் கால் நிமிடத்துக்கு எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டும். கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டால், பழுது ஹோஸுக்கு முன்னாலா பின்னாலா என்று தீர்ந்துவிடும். எஞ்சினைப் பிரிப்பதைப் பற்றிப் பேசும் எந்தப் போர்மேனிடமும் முதலில் இந்த வாளிச் சோதனையைச் செய்துகாட்டச் சொல்வேன்.

நீர் நிறைய வந்தும் சூடேறினால் வெளியேறும் பக்கம் பார்க்க வேண்டும். வார்ப்பிரும்பு மெனிஃபோல்டும் எல்போவும் கடல்நீரில் உள்ளிருந்தே துருப்பிடித்து உதிரும். துருச் செதில்கள் நீர்ப்பாதையை அடைக்கும். ஒரு பக்க எல்போவைத் தொட முடியாத அளவுக்குச் சூடு, மறுபக்கம் வெதுவெதுப்பு என்றால் விடை கிடைத்துவிட்டது. இதில் சூடேறல் சிறிய ஆபத்து. சுவர் அரித்து ஓட்டையானால் கடல்நீர் எக்ஸாஸ்ட் வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கும். நீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது, கிளப்பும்போது எஞ்சின் முட்டி நிற்கும், கனெக்டிங் ராட் வளையும். உப்புநீரில் ஐந்தாறு ஆண்டு தாண்டிய மெனிஃபோல்டை, பார்க்க நன்றாக இருந்தாலும், கழற்றி உள்ளே பார்க்காமல் நம்பக் கூடாது. எல்போவில் ஒருமுறை நீர் வற்றினால் சூடான புகை அதற்கடுத்த ரப்பர் ஹோஸையும் அடைப்பிதழ்களையும் கருக்கிவிடும். கருகிய துண்டு எக்ஸாஸ்ட் குழாயில் விழுந்து எஞ்சினை மூச்சுத் திணறவைக்கும். ஒரு சூடேறலைச் சரிசெய்த பிறகு இந்த ரப்பர் பாகங்களைப் பார்க்காமல் விட்டால் அடுத்த பழுது கூடவே வந்திருக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கத்தை இங்கே கடுமையாகவே கண்டிக்க வேண்டியிருக்கிறது. கார்ப் பட்டறையிலிருந்து வந்த வழக்கம் இது: வெப்ப நாட்டில் அது எதற்கு என்று கேட்கிறார்கள். கடல்நீர் நேரடியாகச் சுற்றும் எஞ்சின்களில் அது 62 அல்லது 71 டிகிரி அளவில் திறக்கும்படி அமைக்கப்படுகிறது. அந்த அளவுக்குக் காரணம் உண்டு. கடல்நீரில் உள்ள சுண்ணாம்பு உப்புகள் சூடு கூடக்கூட கரையாமல் படியும் குணமுள்ளவை, அதனால் காரைப் போல 90 டிகிரியில் ஓட்ட முடியாது. தெர்மோஸ்டாட்டே இல்லாமல் ஓட்டினால் எஞ்சின் தன் வெப்பநிலைக்கு வராது, பெட்ரோல் சரியாக எரியாமல் எண்ணெயில் கலக்கும், எண்ணெய் நீர்த்துத் தேய்மானம் கூடும். பல வகைகளில் எக்ஸாஸ்டுக்குப் போகும் நீரைப் பங்கிடுவதும் தெர்மோஸ்டாட் இருக்கும் கூடுதான், பங்கு குலைந்துவிடும். சந்தேகம் இருந்தால் கழற்றி, ஒரு பானைத் தண்ணீரில் தெர்மாமீட்டரோடு தொங்கவிட்டு அடுப்பில் வைத்தால் போதும். அதன்மேல் அச்சிட்ட டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கினால் அது நிரபராதி. திரும்பப் போடுங்கள்.

கடல்நீரை நேரடியாக எஞ்சினுக்குள் விடுவதா, நன்னீரும் கூலண்டும் உள்ளே சுற்றி வெப்பமாற்றி வழியாகக் கடல்நீரால் குளிர்வதா என்பது பழைய விவாதம். வட அமெரிக்க ஏரிகளுக்கு முதல் வகை போதும். பொந்தியானில் இரண்டாவது வகையே நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. எஞ்சின் பிளாக் உப்பையும் வண்டலையும் பார்க்காமல் பிழைக்கும். ஆனால் அந்த வகையிலும் இம்பெல்லர் இருக்கிறது, வாசல் துளை இருக்கிறது, மெனிஃபோல்ட் பல அமைப்புகளில் கடல்நீரிலேயே நனைகிறது. வெப்பமாற்றியில் உள்ள துத்தநாகக் குச்சி கரைந்து உடைந்து அதன் துண்டுகளே குழல்களை அடைக்கும். கூலண்ட் காரணமில்லாமல் குறைந்துகொண்டே போனாலோ, தொட்டியில் விடாமல் குமிழி வந்தாலோ, அப்போதுதான் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கும் முறை வருகிறது. சூடான எஞ்சினில் கூலண்ட் தொட்டியின் மூடியைத் திறக்கக் கூடாது. முகத்தில் கொதிநீர் பீறிட்டு வெந்துபோவது சில வினாடி அவசரத்தில் நடக்கிறது.

கடலில் முள் ஏறும்போது செய்ய வேண்டியது: உடனே வேகத்தைக் குறைத்து நியூட்ரலுக்கு வர வேண்டும். முள் இறங்கினால் மெதுவாகத் துறைக்குத் திரும்பலாம். தொடர்ந்து ஏறினால் எஞ்சினை நிறுத்தி, நங்கூரம் போட வேண்டும். நங்கூரத்தைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குக்குப்புக்கும் பீசாங் தீவுக்கும் அப்பால் உலகத்தின் நெரிசல் மிக்க கப்பல் பாதைகளில் ஒன்று ஓடுகிறது. மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளில் கப்பல்களுக்குத் தனித்தனி வழித்தடம் 1981 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1998 டிசம்பரிலிருந்து பெரிய கப்பல்கள் தம் நகர்வைத் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயமும் உண்டு. அந்தத் தடத்தில் செல்லும் எண்ணெய்க் கப்பல் ஒரு சிறு படகுக்காக நிற்காது, நிற்கவும் முடியாது. எஞ்சின் இல்லாத படகு நீரோட்டத்தில் அந்தப் பக்கம் இழுபடாமல் இருக்க நங்கூரமும் போதுமான நீளத்துக்குக் கயிறும்தான் காப்பு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா புயற்காற்று மேற்கிலிருந்து திடீரென்று அடிக்கும். எஞ்சின் நின்ற படகுக்கு அதைவிடக் கெட்ட நேரம் இல்லை. வானொலி 16ஆம் அலைவரிசையிலோ 999 எண்ணிலோ உதவி கேட்பதைக் கடைசிவரை தள்ளிப்போடக் கூடாது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

எஞ்சின் அறையின் மூடியைத் திறந்ததும் சூடான எஞ்சின்மேல் வாளியால் கடல்நீரை ஊற்றுகிறவர்கள் உண்டு. வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும். பெட்ரோல் எஞ்சினாக இருந்தால் ஆவி தேங்கியிருக்கலாம், மறுபடி கிளப்பும்முன் ஊதுவிசிறியைக் குறைந்தது நான்கு நிமிடம் ஓடவிட வேண்டும்.

பனியில்லாத ஊருக்கு வேறு காலண்டர் தேவை என்று சொன்னேன். நம்மிடம் அது இருக்கிறது. ஆயுத பூசையன்று மலேசியாவில் தமிழர் பட்டறைகளில் கருவிகளைத் துடைத்து, வண்டிகளைக் கழுவிப் பொட்டு வைக்கிறோம். செப்டம்பர், அக்டோபரில் வரும் அந்த நாள் வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் விழுகிறது. படகு வைத்திருப்பவர்கள் அந்த வாரத்தில் படகைக் கரையேற்றி, இம்பெல்லர் செட்டை மாற்றி, துளைகளுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, கூலரையும் மெனிஃபோல்டின் வடிகால் ஆணிகளையும் திறந்து சேற்றைக் கம்பியால் கிளறி எடுத்துவிடலாம். பிறகு ஆறு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு வருகிறது, அப்போது இம்பெல்லரை மட்டும் திறந்து பார்க்கலாம். கையேடு ஆண்டுக்கு ஒருமுறை என்கிறது. பொந்தியான் சேற்றுக்கும் வெப்பத்துக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதே சரி. இதற்கும் மேலாக ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் பத்து நிமிடம் நன்னீர் விட்டு உப்பைக் கழுவ வேண்டும். படகை நீரிலேயே விடுபவர்களுக்கு இது கடினம், எஞ்சின் அறையில் கழுவும் இணைப்பு ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம்.

இவ்வளவுக்கும் பிறகு, இந்தக் கடலுக்கு ஸ்டெர்ன் டிரைவ் பொருத்தமானதா என்ற கேள்வி நிற்கிறது. கடலை நம்பிப் பிழைக்கும் மீனவர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். சிறு படகுகளில் வெளிப்பொருத்தும் இயந்திரம், பெரிய படகுகளில் டீசல் எஞ்சினும் நேர்த்தண்டும். முதலாவதை நீருக்கு வெளியே தூக்கிவிடலாம், இரண்டாவதில் கடல்நீர் வாசலும் வடிகட்டியும் படகுக்குள் நின்றபடியே கையால் சுத்தம் செய்யும் இடத்தில் இருக்கின்றன. ஸ்டெர்ன் டிரைவில் இந்த இரண்டு வசதியும் இல்லை. குடும்பத்தோடு தூண்டில் போடப் போகிறவர்களுக்கு அது தரும் அமைதியான ஓட்டமும் பின்புறத்துத் தளத்தின் விசாலமும் உண்மையான நன்மைகள். அவற்றுக்காக வைத்துக்கொள்பவர்கள், முடிந்தால் படகை டிரெய்லரில் கரையில் நிறுத்துங்கள். பம்ப் எஞ்சினோடு உள்ள வகையாக இருந்தால், உறிஞ்சும் ஹோஸில் ஒரு வடிகட்டியைப் பொருத்துங்கள். டிரைவ் பழுதடைந்து மெனிஃபோல்டும் முடிந்துவிட்ட பழைய படகென்றால், இரண்டையும் புதிதாக வாங்கும் செலவை, பின்பலகையில் தாங்கி அமைத்து வெளிப்பொருத்தும் இயந்திரம் மாட்டும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். பின்பலகையின் மரம் உள்ளே ஊறி மக்கியிருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்ப்பதை அந்தக் கணக்குக்கு முன்னால் செய்துவிடுங்கள்.